விற்றவன் கையில் சாவி!

கடைவீதிக்குப் போகிறான் ஒருவன். புத்தகக் கடையில் நுழைகிறான். விலை கேட்கிறான், காசு கொடுக்கிறான், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். பாதி படித்தாகிவிட்டது. பிடித்த வரிகளின் கீழே கோடு போட்டிருக்கிறான். ஓரத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறான். இரவு வருகிறது, உறங்கிவிடுகிறான்.

நள்ளிரவில் கடைக்காரன் வருகிறான். கதவைத் தட்டவில்லை. தட்டுவானேன்? மாற்றுச் சாவி அவனிடம் இருக்கிறதே! பூனை நடை நடந்து உள்ளே புகுகிறான், அலமாரியைத் திறக்கிறான், தான் விற்ற புத்தகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறான், அது இருந்த இடத்தில் சில்லறையை வைத்துவிட்டு வெளியேறுகிறான்.

பொழுது விடிகிறது.

"என் புத்தகம் எங்கே?"

"எடுத்துக்கொண்டேன்."

"யாரைக் கேட்டு எடுத்தாய்?"

"யாரைக் கேட்க வேண்டும்?"

"நான் விலை கொடுத்து வாங்கியதாயிற்றே!"

"வாங்கியதா? யார் சொன்னது! படித்துக்கொள்ள உனக்கு அனுமதி தந்தேன், அவ்வளவுதான். காசைத் திருப்பி வைத்துவிட்டேனே, எண்ணிப் பார்க்கவில்லையா?"

கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம், தோழர்களே! அலமாரியும் சாவியும்தான் நம் கற்பனை. விற்றது உண்மை, விற்றதை வாங்கியவர் அறியாமல் எடுத்துக்கொண்டது உண்மை, எடுத்தபின் காசைத் திருப்பிப் போட்டது உண்மை. 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்க நாட்டிலே நடந்தது இது. கடைக்காரன் மூலைக்கடைக்காரன் அல்லன். அமேசான் எனும் மாபெரும் வணிக நிறுவனம். புத்தகம் தாளில் அச்சிட்டதன்று. கிண்டில் எனும் கருவியில் படிக்கும் மின்னூல். பூனை நடை நடக்கவும் தேவை ஏற்படவில்லை. கம்பியில்லா அலைவழியே ஒரு கட்டளை பறந்தது. வாசகர்களின் கருவிகளிலிருந்து நூல்கள் மறைந்தன!

எந்த நூல்கள்? கேட்டால் சிரிப்பதா, சினப்பதா என்று தெரியாது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. அவரே எழுதிய 'விலங்குப் பண்ணை'. 1949இல் வெளிவந்த '1984' எனும் அந்த நாவல் எதைப் பற்றியது? வீட்டுச் சுவரிலே ஒற்றுக் கண்ணைப் பொருத்தி, பழைய ஏடுகளைத் திருத்தி, வேண்டாத தாள்களை நெருப்பிலே தள்ளி, நேற்று நடந்தது என்ன என்பதையே மக்கள் நினைவிலிருந்து துடைத்துவிடும் கொடுங்கோலாட்சியைப் பற்றியது. ஏட்டை அழிக்கும் ஆட்சியைக் கண்டித்தது அந்த ஏடு. அந்த ஏட்டையே அழித்தனர் வணிகர்!

சமாதானம் சொல்லாமல் இல்லை. நூலைக் கடையில் வைத்த மூன்றாமவருக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லையாம்; ஆகவே எடுத்தார்களாம். நல்லது, கேட்கிறோம்: உரிமையற்றவன் சரக்கை உன் கடையில் பரப்ப விட்டது யார் குற்றம்? வாசகன் குற்றமா? உரிமையுடையவருக்கு ஈடு கொடு, சரக்கு வைத்தவன்மீது வழக்குத் தொடு, யார் தடுத்தது? வாங்கியவன் வீட்டுக் கதவைத் திறக்க உனக்கு யார் உரிமை தந்தது? சந்தையிலே திருட்டு மாட்டைத் தெரியாமல் ஒருவன் வாங்கிவிட்டால், அதை மீட்கக் காவலர் வரவேண்டும், வழக்குமன்றம் விசாரிக்க வேண்டும். மாட்டுத் தரகன் இரவோடிரவாகக் கொட்டிலில் புகுந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போக முடியுமா?

பாடத்துக்காக அந்நூலைப் படித்துக் குறிப்பெழுதி வந்த மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். குறிப்புகள் இருந்தன, எந்தப் பகுதிக்கான குறிப்பு என்று காட்டும் நூல் இல்லை! தலையைக் கொய்துவிட்டுத் தலைப்பாகையைத் திருப்பித் தந்த கதை! நிறுவனம் 1,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ், செய்தது அறிவீனம் என்று ஒப்பி மன்னிப்பும் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டார், சரி. மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா? இல்லை! வாசகர் ஒப்புதலின்றி இனி அழிப்பதில்லை என்று உடன்பட்டபோதே, நீதிமன்ற ஆணை வந்தால் அழிப்போம் என்பது போன்ற விலக்குகளையும் பக்குவமாக எழுதி வைத்துக்கொண்டனர். நூல் திரும்பலாம், நோட்டுத் திரும்பலாம்; சாவி மட்டும் திரும்பாது! இங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

வாங்கியவன் வாரக் குடியானவன்!

ஒரு நிறுவனத்தின் ஒரு நாள் தவறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2019இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை இழுத்து மூடிற்று. மூடட்டும், நட்டம் வந்தால் மூடுவது வணிக இயல்பு. ஆனால் கடை மூடியதும், அதற்கு முன் விற்ற நூல்களும் வாசகர் கையில் திறக்க மாட்டாமற் போயின! காசு திரும்பிற்று, குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலும் கிடைத்தது. சிந்தனைக்கு விலை 25 டாலர்! சென்னை மூர்மார்க்கெட் 1985இல் எரிந்தது. அங்கே ஆண்டாண்டாக வாங்கிய பழைய நூல்கள் நம் வீட்டு அலமாரிகளிலிருந்து மறைந்தனவா? கடை சாம்பலானாலும் நூல் நம்முடையது. இந்தப் புதிய வணிகத்திலோ, கடை கண்ணை மூடினால் நூல் உயிரை விடுகிறது.

வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழியே கருவிக்கு மாற்றும் வசதி ஒன்று கிண்டிலிலே இருந்தது. 2025 பிப்ரவரி 26ஆம் நாளோடு அதையும் நிறுத்திவிட்டனர். கலிபோர்னியா மாநிலம் விழித்துக்கொண்டு ஒரு சட்டம் செய்தது. 2025 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. அது சொல்வதென்ன? விற்பது வெறும் அனுமதியானால், அதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தாதே என்பது. எண்ணிப் பாருங்கள்! 'வாங்கு' என்ற சொல்லுக்கு 'வாங்கு' என்றுதான் பொருள் என்று சொல்லச் சட்டமன்றம் கூட வேண்டியிருக்கிறது!

நூலோடு நின்றதா இந்த நோய்? அமெரிக்க உழவன் ஜான் டியர் நிறுவனத்தின் டிராக்டரை வாங்குகிறான். விலை நம் ஊரில் வீடு கட்டும் விலை. அறுவடை நேரத்தில் வண்டி நின்றுவிடுகிறது. உழவனுக்கு இயந்திரம் தெரியும், தெரிந்தும் பயனில்லை. வண்டியின் மூளை கணினி. அந்தக் கணினியோடு முழுமையாகப் பேசும் மென்பொருள் நிறுவனத்தின் முகவரிடம் மட்டும் இருக்கிறது. முகவர் வரும்வரை கதிர் காத்திருக்குமா? மழை காத்திருக்குமா? இந்த முற்றுரிமையை எதிர்த்து அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையமே 2025 சனவரியில் வழக்குத் தொடுத்தது. நம் ஊர்ப் பம்புசெட் நின்றால், பக்கத்து ஊர் மெக்கானிக் சைக்கிளில் வந்து பிரித்துப் போட்டுச் சரிசெய்துவிட்டுப் போகிறார். பிரித்துப் பார்க்கும் உரிமை இருந்ததால்தான் அவர் மெக்கானிக் ஆனார்! அந்த உரிமை போனால், தொழிலும் போகும், அறிவும் போகும்.

உழுபவன் ஒருவன், நிலம் பண்ணையாருடையது. விதைப்பவன் ஒருவன், வெளியேறு என்று சொல்லும் உரிமை பண்ணையாருடையது. வாரக் குடியானவனின் அந்த வாழ்வைத்தான் இன்று கருவி வாங்குவோர் அனைவரும் வாழ்கிறோம். ஒரே வேறுபாடு, பழைய குடியானவனுக்குத் தான் குத்தகைக்காரன் என்பது தெரியும். புதிய குடியானவன் தன்னைச் சொந்தக்காரன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான்!

ஓசையில்லாத தடை

வெள்ளையர் ஆட்சியில் நூல்களுக்குத் தடை இருந்தது. 1928இல் பாரதியார் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள்? அரசாணை வெளியிட்டார்கள். காவலர் வந்தனர், கட்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர், தெருவே பார்த்தது. சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து கேட்டார், நாடு கொதித்தது. கொடுமைதான், ஐயமில்லை. ஆனால் கொடுமைக்கு ஒரு முகம் இருந்தது, முகவரி இருந்தது. எதிர்த்து நிற்க ஓர் இடம் இருந்தது.

இன்றைய தடைக்கு ஓசையே கிடையாது. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதிலே ஒரு செயலியை ஏற்ற வேண்டுமானால், அந்நிறுவனம் நடத்தும் கடை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் நெருக்கி, 2024இல் வேறு கடைகளுக்கும் வழிவிடச் செய்தது. இந்தியாவிலோ இன்னும் அந்த ஒரே வாசல்தான். ஊருக்கு ஒரே வாசல் இருந்தால், ஆட்சியாளனுக்கு வேலை எளிது. ஊரார் அனைவரையும் மிரட்ட வேண்டியதில்லை. வாசற்காவலன் ஒருவனை மிரட்டினால் போதும்!

மிரட்டினார்கள். 2017இல், அரசின் தடைச்சுவரைத் தாண்டி இணையத்தைக் காண உதவும் 674 செயலிகளைச் சீன நாட்டுக் கடையிலிருந்து அகற்றியது அந்நிறுவனம். 2019 அக்டோபரில், ஹாங்காங் மக்கள் கிளர்ந்தெழுந்த நேரத்தில், காவலர் நிற்கும் இடங்களைக் காட்டிய வரைபடச் செயலி ஒன்று அகற்றப்பட்டது. காவலருக்கு ஆபத்து என்றனர். 2024 ஏப்ரலில், வாட்ஸ்அப் செயலியே சீனக் கடையிலிருந்து மறைந்தது; அரசு சொன்னது, செய்தோம் என்றனர்.

"அது சீனம்; அங்கே ஒரு கட்சி ஆட்சி" என்று சிலர் பெருமூச்சு விடுவர். பொறுங்கள்! விடுதலைச் சிலை நிற்கும் நாட்டிலே, 2025 அக்டோபரில், குடியேற்றத் துறை அதிகாரிகள் நடமாட்டத்தை மக்கள் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்ள உதவிய செயலியை அதே நிறுவனம் அகற்றியது. நீதிமன்றம் தீர்ப்பளித்ததா? இல்லை. சட்டமன்றம் தடை விதித்ததா? இல்லை. அமெரிக்க நீதித்துறை கேட்டுக்கொண்டது, வாசற்காவலன் தலையாட்டினான். ஆட்சியின் நிறம் எதுவாயினும், ஒரே வாசல் ஒரே வேலையைத்தான் செய்கிறது!

நாம் பார்க்கும் பெட்டி, நம்மைப் பார்க்கிறது

தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறோம், பார்க்க. பெட்டி நம்மைப் பார்த்தால்? விசியோ எனும் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற 1.1 கோடிப் பெட்டிகள், வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி குறித்து நிறுவனத்துக்கு அனுப்பின. நிறுவனம் அதை விற்றுக் காசாக்கியது. வீட்டாரிடம் முறையாக ஒப்புதல் கேட்கவில்லை. 2017இல் அகப்பட்டது, வணிக ஆணையத்துக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்குமாக 22 இலட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்தது. வகுத்துப் பாருங்கள், தோழர்களே! பெட்டி ஒன்றுக்கு 20 சென்ட்! ஒரு குடும்பத்தின் கூடத்திலே ஒற்றன் உட்கார்ந்திருந்ததற்குத் தண்டம், ஒரு மிட்டாய் விலை!

திருடனைத் தடுக்க வாசலில் காமிரா வைக்கிறோம். அந்தக் காமிராவே திருடினால்? அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், படுக்கையறையிலும் குளியலறையிலும் வாடிக்கையாளர் வைத்திருந்த காமிராக்களின் காட்சிகளைத் தேடித் தேடிப் பார்த்தார், பார்க்கப்பட்டோர் பெண்கள். இதை 2023இல் குற்றச்சாட்டாக வைத்தது வணிக ஆணையம். 58 இலட்சம் டாலர் கட்டுவதாக ஒப்பி வழக்கைத் தீர்த்துக்கொண்டது நிறுவனம்.

8.7 கோடி மக்கள் வரையிலானோரின் விவரங்கள் பேஸ்புக்கிலிருந்து தேர்தல் தரகுக் கூட்டமொன்றின் கைக்குப் போனது 2018இல் அம்பலமாயிற்று. 2019இல் 500 கோடி டாலர் தண்டம் விதித்தனர். பெருந்தொகைதான்! ஆனால் 2018இல் அந்நிறுவனத்தின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 5,580 கோடி டாலர். ஏறக்குறைய ஒரு மாத வரவு! தண்டத்தைப் பற்றிய செய்தி பரவிய அன்று, அந்நிறுவனப் பங்கின் விலை ஏறியது. கொள்ளைக்கு உரிமக் கட்டணம் இவ்வளவுதானா என்று சந்தை மகிழ்ந்தது!

"எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. மறைக்க ஒன்றும் இல்லாதவரும் தம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறாரே, ஏன்? கடிதத்தை ஒட்டி அனுப்புகிறோமே, ஏன்? வாக்குச்சாவடியில் திரை கட்டுகிறார்களே, வாக்களிப்பது குற்றம் என்பதாலா? பண்ணையாருக்குத் தெரியாமல் வாக்களிக்கும் உரிமை வந்த பிறகுதான், பண்ணையாரை எதிர்த்து வாக்களிக்கும் துணிவு வந்தது. மறைவு குற்றவாளியின் போர்வை அன்று, எளியவனின் கேடயம்!

புரியாத மந்திரம்

"நீங்கள்தானே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினீர்கள்?" என்பது நிறுவனத்தாரின் கடைசி அம்பு. ஆம், அழுத்தினோம். பகுத்தறிவு பேசும் நாமும் அழுத்தினோம், மறைக்கவில்லை. பொருள் தெரியாத மொழியில் ஒருவர் ஓத, தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மடமை என்று மேடைதோறும் முழங்கிய நாம், பக்கம் பக்கமாக நீளும் நிறுவன மந்திரத்துக்கு, ஒரு வரியும் படியாமல், விரலால் வணக்கம் செலுத்துகிறோம்!

ஆயினும் கேட்கிறோம்: படித்தால் மட்டும் என்ன பயன்? இந்த வரி வேண்டாம் என்று அடிக்க இடமுண்டா? திருத்திக் கையொப்பமிட வழியுண்டா? ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு! 2021இல் வாட்ஸ்அப் தன் புதிய நிபந்தனைகளை இந்திய மக்கள்முன் வைத்ததும் அப்படித்தான். இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதற்காக 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. மறுக்க முடியாதவனிடம் பெறும் ஒப்புதல், ஒப்புதல் ஆகாது. பசித்தவனிடம் பெற்ற கைநாட்டு அது!

இனி, செய்ய வேண்டுவதென்ன? கருவிகளைக் கல்லில் போட்டு உடைப்பதா? அன்று! விஞ்ஞானத்தின்மீது நமக்குப் பகை இல்லை. மின்னூலால் ஓர் ஏழை மாணவன் ஆயிரம் நூல்களைக் கையடக்கமாய்க் கொண்டுபோக முடிகிறது. பார்வையற்றவர் செவியால் படிக்க முடிகிறது. விஞ்ஞானம் தந்த வரவு அது. பூட்டு மட்டும் வணிகன் போட்டது. வரவை வைத்துக்கொள்வோம், பூட்டை உடைப்போம்!

முடியுமா என்று மலைக்க வேண்டாம். 1980 வாக்கில் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் அச்சு இயந்திரம் ஒன்று அடிக்கடி தாள் சிக்கி நின்றது. அதன் மென்பொருளைத் திருத்திச் சரிசெய்ய விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரலைக் கேட்டார், இரகசிய ஒப்பந்தம் என்று மறுத்துவிட்டனர். அந்த மறுப்பைச் சகியாமல், 1983இல், எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பகிரலாம் எனும் மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். சிறு எரிச்சலிலிருந்து பெரும் இயக்கம்! இன்று உலகின் பெருங்கணினிகள் அந்தக் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக அதைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கின்றன.

நம்மவர் சும்மா இருந்தனரா? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பல நாடுகளில் வாழும் தமிழர், ஊதியம் கேளாமல், சங்க நூல் முதல் பிற்கால நூல் வரை தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, உலகுக்கு இலவசமாகத் தந்தனர். அந்த நூலை இறக்கி வைத்துக்கொண்டவர் வீட்டில் எந்தக் கடைக்காரனும் நள்ளிரவில் நுழைய முடியாது. பூட்டு இல்லை; ஆகவே மாற்றுச் சாவியும் இல்லை!

சட்டமும் வேண்டும். தனிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அதன்பின் 2023இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆனால், அரசு தன் அமைப்புகளுக்கே விலக்களித்துக்கொள்ள அதிலே வாசல் வைத்திருக்கிறது! வணிகனுக்குக் கடிவாளம், அரசுக்குத் திறந்த வெளி என்றால், வேலிக்கு ஓணானைச் சாட்சி வைப்பதுதான் அது. சட்டத்தில் நாம் கேட்பவை நான்கு: விற்றதை வாங்கியவன் ஒப்புதலின்றித் தொடாதே, பழுது பார்க்கும் உரிமையைப் பூட்டாதே, கேட்காமல் எங்கள் விவரங்களை எடுக்காதே, அகற்றுவதாயின் காரணம் சொல், முறையிட இடம் கொடு. இவை சலுகை அல்ல; விலை கொடுத்தவனின் உரிமை!

இளைஞர்களே! உங்கள் படிப்பகத்தில் ஒரு மாலை கூடுங்கள். கணினி தெரிந்த தோழர் ஒருவரை அழையுங்கள். உங்கள் கைப்பேசியில் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். டார்ச்சு விளக்குச் செயலிக்கு உங்கள் முகவரிப் புத்தகம் எதற்கு? கேளுங்கள், மூடுங்கள். கட்டற்ற மென்பொருளை ஒரு கணினியிலாவது ஏற்றுங்கள். பூட்டில்லாத நூல்களைச் சேர்த்து வையுங்கள். அச்சிட்ட நூலைக் கைவிடாதீர்கள்!

ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கக் கற்றுக்கொண்ட தலைமுறை, ஒரு பொத்தானின் முன்னால் ஊமையாகலாமா? வீடு நம்முடையது, நூல் நம்முடையது, விலையும் நம்முடைய வியர்வை. அப்படியானால் சாவி மட்டும் ஏன் விற்றவன் கையில்?

கேளுங்கள் தோழர்களே, சாவியைக் கேளுங்கள்!